அக்சா கொடுத்த வாக்கு

ஈஸ்ட் ஹார்லோ, வெர்மான்ட்
1857 பிப்ரவரி 3

திருமதி ட்ரூசில்லா ஹாஸ்கெல் அவர்களுக்கு,

அக்சாவின் தாய் கெசையா வாட்லி எழுதுவது. நலம் விசாரித்துத் தொடங்குவதுதான் முறை. அதற்கு என் மனம் இடம் கொடுக்கவில்லை.

என் மகளைத் துணி மில்காரர்கள் ஆணி அடித்த பெட்டியில் வைத்து ரயிலில் அனுப்பிவிட்டார்கள். திறக்க வேண்டாம் என்று எங்கள் போதகர் சொன்னார். என் கணவர் ஆசா அதற்குத் தலையாட்டினார். இங்கே பூமி உறைந்து கிடக்கிறது, குழி வெட்ட முடியாது. ஏப்ரலில் மண் இளகும்வரை பெட்டி இடுகாட்டின் கல் அறையில் இருக்கும். நான் பெற்ற முகத்தை நானே கடைசியாகப் பார்க்கவில்லை.

மில்லிலிருந்து வந்த கடிதத்தில், உடை இயந்திரத்தில் சிக்கி விபத்து நேர்ந்தது என்று ஒரே வரிதான் இருந்தது. எந்த உடை என்று அவர்கள் எழுதவில்லை. எழுத வெட்கப்பட்டிருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

பிறகு அவள் சாமான்கள் வந்தன. வேதப்புத்தகம் இருந்தது, ஞாயிற்றுக்கிழமை உடை இருந்தது, அவள் சித்தி பின்னிக்கொடுத்த கையுறைகூட இருந்தது. நீங்கள் அளவு சொல்லிக்கொடுத்துத் தைக்கவைத்த அந்தக் குட்டைப் பாவாடையும் ஆண்பிள்ளைக் காற்சட்டையும் மட்டும் இல்லை. நான் எல்லாவற்றையும் தரையில் கொட்டிப் பார்த்தேன்.

அக்டோபரில் நான் அங்கே வந்தபோது, இனி அதை அணிய மாட்டேன் என்று அக்சா என் கையைப் பிடித்து வாக்குக் கொடுத்தாள். அவள் தங்கியிருந்த விடுதியின் முன்னறையில் நீங்களும் இருந்தீர்கள். சாமான்களோடு வரவில்லை என்றால் அது அவள் உடம்பில் இருந்திருக்கிறது. நான் ரயில் ஏறியதும் நீங்கள் அவள் மனதைக் கலைத்திருக்கிறீர்கள். தாய்க்குக் கொடுத்த வாக்கை மீறிய பாவத்தோடு அவள் போய்விட்டாள். அவள் செத்ததைவிட இதுதான் என்னைத் தின்கிறது.

ஆலயத்தில் பெண்கள் என் கையைப் பிடித்துத் துக்கம் கேட்கிறார்கள். வாசலுக்குப் போனதும் குசுகுசுக்கிறார்கள். சபை மூப்பரின் மனைவி என் காதில் விழும்படியே, “காற்சட்டை போட்டா கதை இப்படித்தான் முடியும்” என்றாள். நான் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன்.

உங்களிடம் எனக்கு ஒரே ஒரு கேள்வி. அன்று அவள் என்ன அணிந்திருந்தாள்? உண்மையை எழுதுங்கள். உங்கள் பதில் வராவிட்டால், புதைப்பதற்கு முன் ஆணியைப் பிடுங்கச் சொல்லி நானே பார்த்துக்கொள்வேன். ஆண்டவர் உங்களை மன்னிக்கலாம். என்னால் முடியாது.

கெசையா வாட்லி


கால்டன் ஃபால்ஸ், மாசசூசெட்ஸ்
1857 பிப்ரவரி 12

என் மரியாதைக்குரிய திருமதி வாட்லி அவர்களுக்கு,

உங்கள் கடிதம் நேற்றுக் கிடைத்தது. அதில் எந்தச் சொல்லுக்காகவும் எனக்கு வருத்தம் இல்லை. அந்தக் கோபத்தை எங்கேயாவது இறக்கி வைக்கத்தான் வேண்டும், அது என்மேல் இறங்கட்டும்.

முதலில் உங்கள் கேள்விக்குப் பதில் எழுதிவிடுகிறேன். அக்சா வாக்கு மீறவில்லை. அன்று அவள் அணிந்திருந்தது தரைவரை நீண்ட பழுப்புக் கம்பளிக் கவுன். உள்ளே இரண்டு உள்பாவாடைகள். கழுத்துப் பொத்தான்வரை ஒழுங்காகப் போட்டிருந்தாள். பக்கத்துத் தறியில் வேலை செய்த ஹல்டா டிங்லி இதை என்னிடமும் சொன்னாள், விசாரணையில் வேதத்தின்மேல் கைவைத்தும் சொன்னாள். அக்சாவோடு ஒரே அறையில் தங்கியிருந்த பெண் அவள்.

நீங்கள் தேடிய உடை என்னிடம் இருக்கிறது. நீங்கள் ஊருக்குத் திரும்பிய அடுத்த ஞாயிறு அக்சா அதைத் துவைத்து, தேய்த்து, மடித்து எடுத்துக்கொண்டு வந்தாள். “நீங்களே வச்சிருங்கம்மா. என் பெட்டியில இருந்தா கை அது பக்கமே போகும்” என்றாள்.

நீங்கள் என்னைச் சந்தேகப்பட்டது முழுக்கத் தவறு என்றும் சொல்ல மாட்டேன். அன்று நான் அவளிடம் வாதாடினேன். தெருவில் வேண்டாம், ஆலயத்துக்கு வேண்டாம், தறிக்கூடத்துக்குள்ளே மட்டுமாவது போட்டுக்கொள் என்றேன். அம்மாவிடம் யார் போய்ச் சொல்லப் போகிறார்கள் என்றுகூடக் கேட்டேன். “எனக்குத் தெரியுமே” என்றாள். பிறகு சொன்னாள்: “எங்கம்மா ஆண்டவருக்கு முன்னாடி தவிர வேற யார் முன்னாடியும் முழங்கால் போட்டு நான் பார்த்ததில்ல. அன்னைக்கு என் முன்னாடி போட்டாங்க. அதுக்கு மேல நான் என்ன செய்ய முடியும், சொல்லுங்க.” அவள் குரலில் உங்கள்மேல் கோபம் இல்லை. இதை நீங்கள் நம்ப வேண்டும்.

அவளை நான் வலை வீசிப் பிடித்ததாக உங்கள் போதகர் நினைக்கக்கூடும். அது எப்படி நடந்தது என்று உங்களுக்குத் தெரிந்திருப்பது நல்லது. சென்ற ஏப்ரலில் இங்கே நகர மண்டபத்தில் பேசினேன். மனைவி உழைத்த கூலி கணவன் கைக்குப் போகும் சட்டத்தைப் பற்றியும், பெண்ணுக்கு வாக்குச்சீட்டு இல்லாததைப் பற்றியும்தான் என் பேச்சு. வந்தவர்களில் பாதிப் பேர் என் முழங்காலுக்குக் கீழே பார்ப்பதற்காக வந்தவர்கள். பின்வரிசையிலிருந்து அழுகிய ஆப்பிள்கள் வந்து விழுந்தன. ஆறு வருடமாகக் குட்டைப் பாவாடையும் காற்சட்டையுமாக ஊர் ஊராகப் போகிறவளுக்கு அது புதிதல்ல. கடைசியில், கேள்வி உண்டா என்று கேட்டேன். நடுவரிசையில் உயரமான ஒரு பெண் எழுந்து, “அதுல பை இருக்கா?” என்று கேட்டாள்.

மண்டபமே சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. இரண்டு இருக்கிறது என்றேன். “அப்ப எனக்கு அளவு சொல்லிக் குடுங்க” என்றாள். நான் அக்சாவிடம் பேசிய முதல் பேச்சு அதுதான்.

அவளைப் பார்த்து இன்னும் ஆறு பெண்கள் தைத்துக்கொண்டார்கள். தறிக்கூடம் நான்காவது மாடியில் இருக்கிறது. நீளப் பாவாடையைத் தூக்கிப் பிடிக்க ஒரு கை போய்விடும், மிச்சம் ஒரு கையில்தான் சாமான். புதிய உடையில் முதல் நாள் அவள் நூல் கூடையை இரண்டு கையாலும் சுமந்துகொண்டு படியேறினாளாம். மாலையில் ஓடி வந்து, “எனக்கு ரெண்டு கை இருக்குன்னே இன்னைக்குத்தான்மா தெரியுது” என்றாள். மேஸ்திரி லெவெரெட்கூட முதலில் தடை சொல்லவில்லை. துணி நெய்தால் சரி, எதைக் கட்டிக்கொண்டு வந்தால் எனக்கென்ன என்று போய்விட்டார்.

தெருதான் பொறுக்கவில்லை. மில் மணி அடித்து வெளியே வரும்போது பையன்கள் பாலத்தில் காத்திருப்பார்கள். “ஏய், உங்கப்பன் காற்சட்டையைத் திருடிட்டியா?” என்று ஒருவன் கத்துவான். அக்சா நின்று, “எங்கப்பாகிட்ட இருக்கறதே ஒண்ணு. அதை அவரே போட்டிருக்காரு. நீ உன்னுதப் பாத்துக்க” என்று சொல்லிவிட்டு நடப்பாள். மற்றப் பெண்களுக்கு அந்த வாய் கிடையாது. ஒருத்திக்கு நிச்சயித்த மாப்பிள்ளை மோதிரத்தைத் திருப்பிக் கேட்டான். ஒருத்தியை அண்ணன் நடுத்தெருவில் அறைந்தான். போதகர் பிரசங்கத்தில் அவர்கள் பெயரைச் சொல்லாமல் சொன்னார். கோடை முடிவதற்குள் ஆறு பேரும் பழைய உடைக்குத் திரும்பிவிட்டார்கள். அக்சா மட்டும்தான் மிஞ்சினாள். அதன் பிறகுதான் இங்குள்ள போதகர் உங்களுக்கு எழுதினார், நீங்கள் வந்தீர்கள். அந்த நாளைப் பற்றி நான் எழுத வேண்டியதில்லை.

விபத்தைப் பற்றி விரிவாக எழுத என்னால் முடியாது. நீங்கள் அறிய வேண்டியதை மட்டும் சொல்கிறேன். அது ஜனவரியில் ஒரு வியாழக்கிழமை காலை. தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு இழை ஒன்று அறுந்தது. முடிச்சுப் போடத் தறிக்குப் பின்னால் போனாள். அங்கே ஒருக்களித்துத்தான் நிற்க முடியும். மேலே சுழலும் தண்டிலிருந்து தோல் பெல்ட் ஒன்று அந்த வழியாகத்தான் தறிக்கு இறங்குகிறது. அதை மறைத்திருந்த பலகை நவம்பரில், நன்றி செலுத்தும் பண்டிகைக்கு முன்பே உடைந்துபோனது. யாரும் மாற்றவில்லை. அக்சா ஒரு கையால் கவுனைச் சேர்த்துப் பிடித்தபடிதான் உள்ளே நுழைந்தாள் என்று ஹல்டா சொல்கிறாள். முடிச்சுப் போட இரண்டு கையும் வேண்டும்.

எல்லாம் கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துவிட்டது. வலியை உணர்ந்திருக்க மாட்டாள் என்று மருத்துவர் சொன்னார். இது ஆறுதலுக்காகச் சொன்னதல்ல என்றும் சொன்னார்.

விசாரணை சத்திரத்தின் பெரிய அறையில் நடந்தது. தீர்ப்புச் சொல்ல ஆண்கள் மட்டுமே உட்கார்ந்திருந்தார்கள். பலகையைப் பற்றி ஹல்டா சொன்னாள். மேஸ்திரி, பொம்பளைங்க கொஞ்சம் கவனமா இருக்கணும் என்றார். நானும் சாட்சி சொல்ல வேண்டும் என்று போனேன். கான்ஸ்டபிள் வாசலில் மறித்து, “ஒழுங்கா உடுத்திட்டு வாங்க, கேக்கறோம்” என்றார். அங்கே நின்று சண்டை போட்டிருக்கலாம். ஆறு வருடமாக அதைத்தான் செய்துவந்தேன். அன்று என்னால் முடியவில்லை. விடுதிக்கு ஓடி, விடுதிக்காரம்மாவின் கறுப்புப் பாவாடையைக் கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டு, பனிக்கட்டித் தெருவில் இரண்டு முறை விழுந்து எழுந்து வந்தேன். அதற்குள் தீர்ப்பு எழுதி முடித்துவிட்டார்கள். எதிர்பாராத விபத்து, யார்மீதும் குற்றமில்லை. பெஞ்சுகளை எடுத்து அடுக்கிக்கொண்டிருந்தார்கள்.

நீங்கள் என்னைப் பிடிவாதக்காரி என்று நினைப்பது எனக்குத் தெரியும். அந்தக் காலி அறையில் இடுப்பில் ஒட்டாத பாவாடையோடு நின்றபோது, ஒருவருக்காகத் தன்னுடையதை விட்டுக்கொடுப்பது எப்படி இருக்கும் என்று எனக்குக் கொஞ்சம் தெரிந்தது. அக்சா அதை உங்களுக்காகச் செய்தாள். முகம் சுளிக்காமல் செய்தாள்.

பாஸ்டனில் எங்கள் பெண்ணுரிமைச் சங்கத்துத் தோழிகள் இந்தச் சாவை மேடையில் சொல்லச் சொல்கிறார்கள். எத்தனை சொற்பொழிவு செய்தாலும் இதற்கு ஈடாகாது என்று எழுதுகிறார்கள். அவர்கள் சொல்வது சரிதான். ஆனாலும் மறுத்துவிட்டேன். அவள் உங்கள் மகள். உங்கள் அனுமதி இல்லாமல் அவள் பெயர் எந்த மண்டபத்திலும் என் வாயிலிருந்து வராது. பத்திரிகைக்கும் எழுத மாட்டேன்.

உங்களிடம் இரண்டு விண்ணப்பங்கள். பெட்டியைத் திறக்காதீர்கள். ரயில் நிலையத்தில் உங்களைப் பார்த்துக் கையசைத்த முகத்தையே வைத்துக்கொள்ளுங்கள். மண் இளகி அவளை அடக்கம் செய்யும் நாளில் நான் தூரத்தில் நிற்க மட்டும் அனுமதி கொடுங்கள். எந்த உடையில் வரச் சொன்னாலும் வருகிறேன்.

உங்கள் மகள் வாக்குத் தவறாதவள். அந்த ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு தூங்குங்கள், அம்மா.

உங்கள் துக்கத்தில் பங்குள்ளவள்,
ட்ரூசில்லா ஹாஸ்கெல்


ஈஸ்ட் ஹார்லோ, வெர்மான்ட்
1857 மார்ச் 8

அன்புள்ள திருமதி ஹாஸ்கெல்,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. பேனாவை எடுப்பதும் வைப்பதுமாகவே நாள் போகிறது. இங்கே மேப்பிள் மரங்களில் இனிப்புச் சாறு இறக்கும் பருவம். பகலெல்லாம் பாகு காய்ச்சுகிறேன். அடுப்புப் புகையில் கண் சிவந்திருந்தால் யாரும் ஏன் என்று கேட்பதில்லை, அது ஒரு வசதி.

உங்கள் கடிதத்தை ஆசாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “நம்ம பொண்ணு வாக்கு மீறல, கெசி. அது போதும்” என்றார். பிறகு மாட்டுக்கொட்டிலுக்குப் போனார். ஒரு மாதத்துக்குப் பிறகு அன்றுதான் வயிறாரச் சாப்பிட்டார். எழுதியிருப்பதை மட்டும் வாசிக்கிற மனிதர் அவர். அவர் அப்படியே இருக்கட்டும்.

நீங்கள் எழுதாமல் விட்டதையும் நான் வாசித்தேன்.

பழுப்புக் கவுன் என்று எழுதினீர்கள். அதை யார் தைத்தது என்று எழுதவில்லை. சாமான்களில் அதுவும் இல்லை, என் கண் காற்சட்டையை மட்டுமே தேடியிருக்கிறது. அக்டோபரில் நான் அதைக் கையில் எடுத்துக்கொண்டு வந்ததை நீங்கள் பார்த்தீர்கள். முன்னறையில் வைத்து நானே அவள் தலைவழியாக மாட்டிவிட்டேன், நீங்கள் அதையும் பார்த்தீர்கள். பாவாடைச் சுற்றுக்கு நாலு கெஜம் போதும். ஊரார் கண்ணுக்கு என் மகள் கௌரவமாகத் தெரிய வேண்டும் என்று ஐந்து கெஜம் வைத்துத் தைத்தேன்.

அன்று நீங்கள் என்னிடம் மரியாதையாகத்தான் பேசினீர்கள். அந்தத் தறிக்கூடத்தில் நீளப் பாவாடை உயிருக்கு ஆபத்து, ஒருமுறை மேலே வந்து பாருங்கள் என்று கூப்பிட்டீர்கள். நான் வரவில்லை. அதற்குப் பதிலாக ஒரு வார்த்தை சொன்னேன். அந்த வார்த்தை இருக்கிறதா என்று உங்கள் கடிதத்தைத் திரும்பத் திரும்பத் தேடினேன். அதை விட்டுவிட்டீர்கள். நீங்கள் மறந்திருக்க முடியாது. என்மேல் எறிய அதைவிடப் பெரிய கல் உங்களுக்குக் கிடைத்திருக்காது, இருந்தும் எறியவில்லை. அதனால் நானே எழுதுகிறேன். “செத்தாலும் பொம்பளைத் துணியில சாகட்டும்” என்று சொன்னேன். அக்சா பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

பெட்டியைத் திறக்கவில்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று எனக்கு இப்போது தெரியும்.

போன ஞாயிறு ஆலய வாசலில் மூப்பரின் மனைவியை நிறுத்தினேன். என் மகள் காற்சட்டையில் சாகவில்லை, நான் தைத்துக் கொடுத்த கவுனில் செத்தாள் என்றேன். எல்லாரும் இருந்தார்கள். அவள் குனிந்து தன் பாவாடை ஓரத்தைச் சரிசெய்தாள். வீடு வரும் வழியில் ஆசா எனக்கு முன்னால் தனியாக நடந்தார். இப்போது அவருக்கும் கொஞ்சம் புரிந்திருக்கும் என்று பயப்படுகிறேன்.

உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன். உங்கள் உடையை நான் அணியப்போவதில்லை. அதைப் பார்க்கும்போது இன்னும் எனக்குக் கூசத்தான் செய்கிறது. ஐம்பது வயதில் என் கண்ணை நான் எங்கே போய் மாற்றுவேன்? ஆனால் கூச்சத்தால் யாரும் சாவதில்லை.

ஏப்ரல் கடைசியில் அடக்கம். நாள் குறித்ததும் எழுதுகிறேன். தூரத்தில் நிற்க வேண்டாம். நீங்கள் எப்போதும் உடுத்துகிறபடியே உடுத்திக்கொண்டு பகல் வண்டியில் வாருங்கள். நிலையத்துக்கு நானே வருகிறேன். ஊர் நடுவாகத்தான் போவோம், வேறு பாதை இருக்கிறது என்றாலும். ஆலயத்தில் என் பக்கத்தில் உட்காருங்கள். அக்சாவுக்குப் பிடித்த பீன்ஸும் சோள ரொட்டியும் செய்து வைக்கிறேன், என் வீட்டில் சாப்பிடுங்கள்.

அனுமதி கேட்டிருந்தீர்கள். சொல்லுங்கள். எல்லா ஊரிலும் சொல்லுங்கள். மில்காரர்களிடம் பலகையைப் பற்றிச் சொல்லுங்கள், அது அவர்கள் பங்கு. பெண்ணைப் பெற்றவர்கள் வந்து உட்கார்ந்திருக்கும் இடத்தில் என் பங்கையும் சொல்லுங்கள். என்மேல் இரக்கப்பட்டு ‘ஒரு தாய்’ என்று மறைத்துச் சொல்லாதீர்கள். அப்படிச் சொன்னால் ஒவ்வொருத்தியும் அது வேறு யாரோ என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவாள். என் ஊரைச் சொல்லுங்கள். நான் சொன்ன வார்த்தையைச் சொன்னபடியே சொல்லுங்கள். நானே எழுந்து நின்று சொல்ல வேண்டியது அது. அந்தத் தைரியம் எனக்கு இல்லை, உங்களுக்கு இருக்கிறது.

கர்த்தர் உங்களுக்கு நீண்ட ஆயுளும் உடையாத குரலும் தரட்டும். போன கடிதத்தை முடித்தபோது மனதுக்குள் நான் வேறு மாதிரி வேண்டியிருந்தேன். அதை அவர் கேட்காமல் விட்டிருப்பார் என்று நம்புகிறேன்.

என் பெயரை முழுதாகச் சொல்லுங்கள், அம்மா.

கெசையா வாட்லி